சூட்டிக்குப் பூசிய என்ஜின் ஒயில்

தர்ஷிகா அப்பாவுக்கு,

மூன்று தரம் போனில் கோல் எடுத்தேன். நேற்றைய கோபத்தில் நீங்கள் எடுக்கவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன், சாப்பிட உட்காருமுன் வாசியுங்கள்.

நம் நாய் சூட்டிக்கு நீங்கள் பார்த்த வைத்தியம் நன்றாகவே பிடித்துவிட்டது. சொறிக்கென்று கராஜிலிருந்து கொண்டுவந்து பூசினீர்களே பழைய என்ஜின் ஒயில், அதை நக்கி நக்கி அது காலையிலிருந்து வாந்தி எடுக்கிறது. நான் வேண்டாமென்றதற்கு, "எங்க தோட்டத்துல எல்லா நாய்க்கும் இதுதான், நீ பேசாம இரு" என்றீர்கள். அந்த நாய்களில் ஒன்றாவது உயிரோடு இருந்தால் கூட்டி வாருங்கள், விசாரிப்போம்.

பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டேன். இனி நக்காமல் இருக்க உங்கள் நீல டீசேட்டை மாட்டியிருக்கிறேன். உங்களைவிட அதற்கு எடுப்பாக இருக்கிறது.

மிருக டொக்டரிடம் போனில் கேட்டேன். உடனே பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். சொறிக்குக் குளிசை இருக்கிறதாம். நாயோடு என்னை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வழியில் ஹயருக்கு ஆள் ஏற்றாமல் உங்கள் ஆட்டோவில் நேரே போங்கள். என்ன பூசினீர்கள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், யாரும் களவெடுக்க மாட்டார்கள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது, நான் மலைக்குப் போகிறேன். ரொட்டி உங்களுக்கு மட்டும், சூட்டிக்குப் போடாதீர்கள்.

பனடோல் குளிசையும் கொடுக்காதீர்கள். உங்கள் மூளை அடுத்து அங்கேதான் போகும்.

இன்னொன்று. நீங்கள் ஆட்டோ நிறுத்தும் இடத்தில்தான் சூட்டி போய்ப் படுத்திருக்கிறது, கூப்பிட்டாலும் வரவில்லை. கிளம்பும்போது ஆட்டோவைப் பார்த்துத் திருப்புங்கள்.