ஒரு கோல்தானே என்று சொல்லாதே

அன்பு மகள் ரன்வாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், கோபன்ஹேகனில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. கால்பந்து ஆட்டம் முடிந்ததும் நீ அனுப்பிய செய்தியை உன் தம்பி ஹானுஸ் காட்டினான். “ஒரு கோல்தானேடா, அவங்ககிட்ட இப்படித் தோத்தாலே ஜெயிச்ச மாதிரி” என்று எழுதியிருக்கிறாய். ஊரே அதைத்தான் சொல்கிறது, நீயுமா?

நடந்ததைக் கேள். நம் தீவு அணியின் பயிற்சியாளர் எய்யுன் ஒரு வாரமாகவே பையன்களிடம், நாலு கோலுக்குள் தோற்றால் மரியாதை, எவனும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஓதிக்கொண்டிருந்தார். அது எனக்கும் புரிகிறது. எதிரணி வெளிநாட்டுப் பெரிய கிளப், சமையல்காரனையே விமானத்தில் கூட்டி வந்தவர்கள், நம் ஆட்கள் மீன் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டை முடித்துவிட்டு வந்தவர்கள். ஜெயிப்போம் என்று நினைக்க நான் பைத்தியமில்லை. ஆனால் எண்பத்தாறு நிமிடம் கோலே விழவில்லையடி. காற்று அப்படி, அவர்கள் அடித்ததில் பாதி கடலில் போய் விழுந்தது, அப்பா படகில் போய்ப் பந்து பொறுக்கியே ஓய்ந்துபோனார். அப்போதுதான் நமக்கு ஒரு கார்னர் கிடைத்தது, அன்றைக்கு அது ஒன்றுதான். ஹானுஸ் ஓடிப்போய் மூலையில் பந்தை வைத்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கோலுக்கு முன்னால் நம் ஆள் ஒருவன்கூட இல்லை! கேப்டன் தும்மஸ் மட்டும் கிளம்பினான். உடனே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், “பின்னாடி வாடா தும்மஸ், பின்னாடி வா” என்று கத்தியது. அவன் நடுக்கோட்டில் நின்று யோசித்தான், திரும்பி ஓடிவிட்டான். நடுவர் விசில் ஊதியதும் ஹானுஸ் யாருமில்லாத இடத்துக்கு அடித்தான். அவர்கள் கோல்கீப்பர் கொடியில் காய்கிற துணியை எடுப்பது போல் பந்தை எடுத்து வீசினான், மூன்றே உதையில் நம் வலைக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு கிளப்பில் கேக் வெட்டிக் கட்டிப்பிடித்துக் கொண்டாட்டம், எய்யுனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஹானுஸ் சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த வியாழன் அவர்கள் ஊரில் மறு ஆட்டம், அதற்கு வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். நேற்று அவனுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே எய்யுனைத் திட்டினேன், தும்மஸைத் திட்டினேன், அவனைத் திரும்பக் கூப்பிட்ட ஒவ்வொரு வாயையும் தைக்க வேண்டும் என்றேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, “அதுல உன் குரல்தாம்மா எனக்கு முதல்ல கேட்டுச்சு” என்றான்.

சத்தியமாக எனக்கு நினைவில்லை, ரன்வா. ஆனால் ஆட்டம் முடிந்து நாலு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது.

இனி மறு ஆட்டத்துக்கு நான் போகச் சொன்னால் கேட்க மாட்டான், நீ பேசு. சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போட்டுக்கொள். கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

உன் அம்மா,
ஸ்வான்ஹில்ட்