பெட்டிக்குள் ஓடிய பெட்டி

அடியே,

இன்று வேலையிடத்தில் ஒரு மெய்நிகர் கணினியை, அதுதான் கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினியை, மூடப்போனேன். எப்படி மூட வேண்டும் என்று கேட்டது. முதல் வரியிலேயே இருந்தது: 'இருக்கும் நிலையைச் சேமி'. அதை அழுத்தினால் உள்ளே ஓடுவது அப்படியே நிற்கும். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நமக்கு இது தெரியாதுடி. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசை அறைகளாக இருந்த நம் லயத்தில் கரண்ட் போனால் போனதுதான். பாதியில் நின்றது எதுவும் பிழைக்காது. நாம் படித்த கணினிப் பாடம் அவ்வளவுதான். வேலைப் பரீட்சைக்கு நீ, பேட்டரி செத்த அந்தப் பழைய லேப்டாப்புக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கி, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை காலை கொழும்புக் கம்பெனிக்காரர்கள் கேமராவில் பார்ப்பார்கள். சரியாக ஓடினால் வேலை. அதன்பிறகு நீ கொழுந்துக்கூடை சுமக்க வேண்டாம்.

லயம் முழுக்க ஒரே வயர்; ஒருவர் ஹீட்டர் போட்டாலும் எல்லாருக்கும் கரண்ட் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அறை அறையாகப் போய், ஹீட்டர் போடாதீங்க என்று கெஞ்சினாய். பக்கத்து அறை அக்கா விட்டாரா?

"ஏன்டி, ஒன் பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டி உண்டாகியிருக்கா? பொறந்தா சொல்லு, பத்தியச் சோறு ஆக்கித் தாரேன்."

விழுந்து விழுந்து சிரித்தாய்.

மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் இருந்த வெடிப்பு அகலமாகிவிட்டது என்று யாரோ கத்த, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். நீ மட்டும் எழவில்லை. லினக்ஸ் முக்கால்வாசி ஏறியிருந்தது, வயரைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு என்று நினைத்தாய்.

"முடியப்போவுதுடி. நீ அம்மாவக் கூட்டிட்டுப் போ, பின்னாலயே வாறேன்."

மேடு சரிந்து உன் அறைமேல்தான் விழுந்தது.

"பொட்டியக் கட்டிக்கிட்டுச் செத்தா" என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெடிப்பைத் தோட்ட ஆபீசில் எத்தனை தடவை சொன்னோம்! தோட்ட மேனேஜர் தொரை வந்து பார்த்தார், தார்ப்பாய் போட்டு மூடச்சொன்னார், போனார். விசாரிக்க வந்த அதிகாரியும் நீ ஏன் வெளியே வரவில்லை என்றுதான் என்னிடம் கேட்டார். அந்த மேட்டுக்கடியில் ஏன் நம்மைக் குடிவைத்தீர்கள் என்று தொரையிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாசமாய்ப் போக!

பிறகு அதே பரீட்சையை ஹட்டன் டவுனில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து செய்து நான் இந்த வேலைக்கு வந்தேன். கரண்ட் போகவில்லை, மழையும் இல்லை. அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

இடியாமல் நின்ற அறைகளில் ஆட்களைத் திரும்பவும் குடிவைத்துவிட்டார்கள். உன் அம்மாவும் அங்கேதான். என்னோடு வரச்சொன்னால், "வேலைய விட்டுட்டு எங்கடி வாறது?" என்கிறார். இங்கே கொழும்பில் வானம் கறுத்தால்கூட நான் எழுந்துபோய் அவருக்குப் போன் எடுக்கிறேன். சுகமா, சாப்பிட்டீர்களா, ஒன்றும் கேட்பதில்லை.

"பெரியம்மா, வெளிய வந்துட்டீங்களா?"