சிப்பிக்கு முப்பது போதும்

ஆகஸ்ட் 12, திங்கள்
பழனியில் அத்தை, இவருடைய அம்மா, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவர் காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். கிளம்பும்போதும், கூடத்தில் ஆசையாய் வைத்திருக்கும் கடல்நீர் மீன்தொட்டி முன்னால்தான் நின்றார்.
"ரம்யா, லைட்டு இப்ப முப்பது சதவீதத்துல இருக்கு. வாரத்துக்கு அஞ்சு மட்டும் கூட்டு. சிப்பிய மட்டும் தொட்டுறாத."
இவர் ஓட்டலில் எலெக்ட்ரீஷியன்; அந்த லைட்டை இவரேதான் பொருத்தினார். உயிருள்ள கடல்சிப்பி, வந்து பத்து நாள்தான் ஆகிறது. என் உள்ளங்கை அகலம். மணலில் ஒரு தட்டைக் கல்மேல் நீலமும் பச்சையுமாய் விரிந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் பழகியதும் லைட்டுக்குக் கிட்டே, மேல்பாறைக்கு ஏற்றுவாராம். கொடைக்கானல் குளிருக்கு எனக்குப் போர்வை, அதற்கு ஹீட்டர்!

ஆகஸ்ட் 15
போன். முதல் கேள்வி: "சிப்பி விரிஞ்சிருக்கா?"
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 18
விரிஞ்சிருக்கு. நானும் இருக்கேன்.

ஆகஸ்ட் 21
நாலு நாளாய் மூடுபனி. வீடு பகலிலேயே இருட்டிக் கெடக்கு. துணி காயவில்லை. டீ போடுகிறேன், குடிக்க மறந்துவிடுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கணும்போல, எழுந்தால் என்ன சோலி என்று தெரியவில்லை. பாவம் சிப்பி, வெயிலில் வாழ்கிற ஜீவன். லைட்டை எண்பதுக்குத் திருகி வைத்தேன்.
உண்மையைச் சொன்னால், எனக்குத்தான் வெளிச்சம் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 23
சிப்பி சுருங்கிப்போய்க் கெடக்கு. ஏன்?

ஆகஸ்ட் 24
செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். பிறந்த ஊரான பூண்டியில் எங்கள் கேரட் காட்டில், முற்றியதா என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்போம். அந்தப் புத்தி எங்கே போகும்? உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று தொட்டிக்குள் கையை விட்டேன். கல்லை விட்டு வரவில்லை. இழுத்தேன். படக்கென்று வந்தது — அடியில் நூல்நூலாய் அறுந்து தொங்கியது.
அப்புறம்தான் போனில் தேடிப் படித்தேன். அந்த நூலால்தான் கல்லைப் பிடித்துக்கொள்ளுமாம். நூல் அறுந்தால் பிழைக்கலாம், அது முளைக்கும் பாதச்சதை கிழிந்தால் பிழைக்காதாம். எது போச்சோ, எனக்கு எங்கே தெரியும்? அய்யோ முருகா!
கல்மேலேயே திரும்ப வைத்தேன். திடீரென்று வெளிச்சம் கூடினால் சுருங்கிப்போகும் என்றும் போட்டிருந்தது; லைட்டை முப்பதுக்கு இறக்கினேன்.
சாயங்காலம் போன். "விரிஞ்சிருக்கா?"
"ம்" என்றேன்.

ஆகஸ்ட் 26
எழுதவே வெட்கமாக இருக்கிறது. சிப்பி செத்துப்போச்சு என்று ஒரு பொய் சொன்னால் இவர் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவார். அத்தையை நாத்தனார் புவனா பார்த்துக்கொள்வார். இரண்டு வாரமாய் இந்த வீட்டில் பேச ஆளில்லை. சொன்னால்தான் என்ன?
போன் வந்தபோது பின்னால் அத்தை வலியில் முனகுவது கேட்டது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27
மூடியே கெடக்கு.

ஆகஸ்ட் 28
லேசாய்ச் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தவா? வேண்டாம்டி, சும்மா இரு. கையை ஸ்வெட்டருக்குள் சுருட்டிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் இதுவே பெரிது.

ஆகஸ்ட் 31
விளிம்பில் துளி நீலம். இல்லை, என் ஆசையா?

செப்டம்பர் 2
பாதி விரிந்துவிட்டது! என் நிழல் பட்டதும் சட்டென்று மூடிக்கொண்டது. கோபம் போல. இருக்கட்டும், கோபப்பட அதற்கு உரிமை இருக்கு.
போனில் அவரே கேட்டார். "அம்மாவ புவனாகிட்ட விட்டுட்டு நாளைக்கே வந்துரவா? சிப்பிய நெனச்சா இருப்புக்கொள்ளல."
இந்தப் பேச்சுக்குத்தானே காத்திருந்தேன்? ஆனால் வாயில் வந்தது வேறு. "நான் அதப் பிடுங்கிட்டேங்க. லைட்டையும் எண்பதுக்கு ஏத்திட்டேன். இப்பத்தான் பொழச்சு வருது."
திட்டுவார் என்று நினைத்தேன்.
"அழுதியா, ரம்யா?"
அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதேன்.
"வெரசா வர வேணாம். அத்தை நாலு எட்டு நடக்கட்டும், அப்புறம் வாங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 19
வந்துவிட்டார். அத்தை வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறாராம்.
பையைத் தோளில் மாட்டியபடியே தொட்டிக்குத்தான் போனார். சிப்பி கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு முழுசாய் விரிந்திருந்தது. "மேல்பாறைக்கு ஏத்திருவமா?" என்று சட்டைக் கையை மடித்தார்.
"தொட்டீங்க, அப்புறம் பாருங்க!"
கையை எடுத்துக்கொண்டார்.
"லைட்டு இன்னும் முப்பதுலதான் இருக்கு. அஞ்சு கூட்டலாமா?" என்று என்னிடம் கேட்டார்.
அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன்.