ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத எஞ்சின்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. கரமனைப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் வெள்ளைப் புகை, அதற்கும் பின்னால் பஸ்காரனின் ஹாரன். நேமத்தில் ஒரு பெரியவருக்குக் கால் புண் டிரெஸ்ஸிங், பூஜப்புரையில் ஒருவருக்கு டியூப் மாற்றுவது. இரண்டுக்கும் ஆட்டோ. வீடு வீடாகப் போய் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு வண்டி இல்லையென்றால் பிழைப்பே இல்லை.

கயிறு கட்டி இழுத்துத் தங்கராஜ் வர்க்‌ஷாப்பில் விட்டாச்சு. ஆளுக்கு ஊர் குலசேகரம் பக்கம். பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"எஞ்சின் போச்சு அக்கா. கியர்பாக்ஸையும் அதோட மாத்திரலாம். மார்த்தாண்டத்துல ஒரு செட்டு கிடக்கு. இதே மாடல் வண்டி, பின்னால இடி வாங்கினது. முன்பக்கம் ஒரு கேடும் இல்ல."

மூன்றாவது கியர் தானாக நழுவுவது உண்மைதான். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொன்னான்? செட்டு எப்படித் தயாராகக் கிடக்கிறது? என் எஞ்சினையே கழுவிப் பெயின்ட் அடித்துத் திருப்பி மாட்டினால் எனக்கு என்ன தெரியும்?

ஜூன் 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. வர்க்‌ஷாப்பில் வண்டியோடு இருப்பவை:
ஸ்டெப்னி, புதுசு.
பேட்டரி. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாங்கியது. மகள் ஜெனியின் நகப்பாலிஷால் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.
பெட்ரோல், அரை டேங்க். முள்ளை போட்டோ எடுத்தாயிற்று.
குடை, பஞ்சு ஒரு கட்டு.

தங்கராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். "அக்கா நர்ஸா, போலீஸா?" "ரெண்டும்தான்" என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

வீட்டில் ஒரு புதுமை. நான் மஸ்கட்டிலிருந்து திரும்பி ஆறு வருஷம், இத்தனை நாளில் வர்க்‌ஷாப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் (என் வீட்டுக்காரர்தான், தம்பானூரில் லாட்ஜ் மேனேஜர்) திடீரென்று, "நீ அங்க போய் நிக்காண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். சாப்பிட்டு எழுந்ததும் வேறு பேச்சு. "பேசாம பழைய இரும்புக்குக் குடுத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வண்டியைக் குளிப்பாட்டுகிறவர் பேசுகிற பேச்சா இது? அடுத்த மாதம் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட வேண்டும், யார் அலைவது என்றார். வண்டி என் பெயரில். அலைகிறவள் நான். இவருக்கு என்ன வலிக்கிறது?

தங்கராஜுக்கும் இவருக்கும் ஏதோ ஏற்பாடு. கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்.

ஜூன் 11, புதன்

லீவு போட்டேன். காலை எட்டரைக்கே வர்க்‌ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாயிற்று. ஒயர், ஹோஸ், ரேடியேட்டர் ஒவ்வொன்றாகக் கழன்றது. டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தங்கராஜே வாங்கி வந்து கையில் கொடுத்தான். பதினொன்றரைக்குச் சங்கிலி போட்டுத் தூக்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து இறங்கின. இத்தனை வருஷம் என்னைச் சுமந்தது இவ்வளவுதானா என்று இருந்தது.

என் திட்டம் இது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும்போது, நம்பர் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை ஒட்டி மேலே பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அதேபோல் நானும் என் எஞ்சின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டால், புது எஞ்சின் என்று சொல்லி இவன் பழையதையே மாட்ட முடியாது. கிரீஸைத் துடைத்தேன். தேய்த்தேன். நம்பர் அழகாக விழுந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் கடைசி ஐந்து எண்ணும் வேறு.

கத்திவிட்டேன். எஞ்சினை மாற்றிவிட்டாய், போலீஸுக்குப் போவேன், அது இது என்று. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

தங்கராஜ் குரலை உயர்த்தவில்லை. "காலையில இருந்து நீங்க இந்த ஸ்டூலை விட்டு எந்திரிச்சீங்களா அக்கா? உங்க கண்ணு முன்னால தானே இறக்கினேன்?"

பிறகு டார்ச் அடித்து எஞ்சின் இருந்த குழிக்குள் காட்டினான். முன்பக்கச் சட்டத்தில் தட்டி நிமிர்த்திய அடையாளம், வெல்டிங், அதன்மேல் பெயின்ட். "முன்னாலயே பெரிய இடி வாங்கின வண்டியாக்கும். அப்பவே எஞ்சினும் மாத்தியிருக்கு. சாருக்குத் தெரியும். நேத்து போன் போட்டாரு, அக்காட்ட சொல்லாண்டாம்னு. இப்ப என்னைக் கள்ளன்னு சொன்னா நான் என்ன செய்ய?"

மன்னிச்சுக்க தம்பி என்றேன். அவன் முகம் தெளியவில்லை.

ஜூன் 12, வியாழன்

தூறல். இரண்டு வீடு. மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை, தலைவலி.

காலையில் புட்டு வைத்துக்கொண்டே கேட்டேன். "வண்டியில எஞ்சின் எப்ப மாத்தினீங்க?" கையில் பிசைந்த பழத்தோடு அப்படியே இருந்தார். "அது பழசு" என்றார். கை கழுவிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். புட்டு அப்படியே கிடந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் மஸ்கட்டில் இருந்தது நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் வண்டி இவர் கையில். இடித்தது அப்போதுதான். எங்கே போகும்போது? யாரோடு? வெறும் இடி என்றால் மறைப்பானேன்? குடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொருத்தி. ரெண்டும் இருக்கும்.

பைபிளைத் திறந்தேன். படிக்க ஓடவில்லை.

ஜூன் 14, சனி

ஜெனிக்குக் காலேஜ் லீவு. இருபது வயது ஆகிறது, இன்னும் பத்து மணிக்குத்தான் எழுவது. எழுந்து தலை வாரும்போது நெற்றி ஓரம் தெரிந்தது. முடிக்குள் பாதி மறைந்த தழும்பு, ஐந்து தையல். பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்தாள் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போனில் சொன்னார்கள். நான் அடுத்த லீவில் வந்தபோது நன்றாக ஆறியிருந்தது. எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கிற நான் அதை மட்டும் கிளறவில்லை.

"ஜெனி, இது படிக்கட்டுதானா?"

சீப்பை வைத்துவிட்டாள். "அம்மா, அத ஒண்ணு விடு."

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல. அப்பா குடிக்கல்ல. அப்படிப் பேசாத."

"பின்னே?"

"நீதான் போன்ல இருந்தே."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து. "ஓணம் லீவு. கல்லாறுக்குப் போனோம், நானும் அப்பாவும். மழை. நீ மூணு தடவ போன் அடிச்சே. மலை ரோடு, வளைவு வளைவா இருக்கு, அப்பா எடுக்கல்ல. நாலாவது தடவ எடுத்தாரு. எடுக்கல்லன்னா நீ ஒரு வாரம் அதையே சொல்லிட்டிருப்ப, அல்லே? நீ எங்க, யார் கூடன்னு கேட்டுட்டே இருந்தே. அப்ப ஒரு ஜீப்பு எதிர வந்துது. அப்பா ஒடிச்சாரு, ரோட்டோரக் கலுங்குச் சுவர்ல போய் இடிச்சாச்சு."

அப்பா என்னிடம் சொல்லப் போகிறேன் என்றாராம். படிக்கட்டுக் கதை இவளுடையது. பதினொரு வயசில்.

"எதுக்குடி?"

"சொன்னா என்னை நாகர்கோவில் ஹாஸ்டல்ல போட்டிருப்ப. அவரால பாக்க முடியல்லன்னா ஹாஸ்டல்தான்னு வாராவாரம் சொன்னியே. எனக்கு அப்பா கூட இருக்கணும்."

மதியம் சமைக்கவில்லை. ஜெனி கடையில் பரோட்டா வாங்கி வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். வெட்கமாக இருந்தது, சாப்பிடும்போது.

ஜூன் 16, திங்கள்

பலத்த மழை. மார்த்தாண்டம் செட்டு மாட்டியாயிற்று. கிளட்ச் பிளேட்டும் மவுண்டிங்கும் புதுசு. ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. மூன்றாவது கியர் நழுவவில்லை. ஸ்டெப்னி இருக்கிறது, குடை இருக்கிறது, பெட்ரோல் முள் அதே இடத்தில், பேட்டரியில் சிவப்புப் புள்ளி. பழைய எஞ்சினையும் வாசலிலேயே வைத்திருந்தான், நான் கேட்பேன் என்று. நேரே முகம் பார்க்க முடியவில்லை.

இடையில் ஒரு எஞ்சின் ஆர்.சி.யில் ஏறாமலே ஓடியதால், வண்டிச் சொந்தக்காரர் சத்தியப் பத்திரம் கொடுத்தால் நல்லது என்று வக்கீல் ஆபீஸில் இவரிடம் சொன்னார்களாம். சொந்தக்காரி நான்.

ஜூன் 17, செவ்வாய்

வஞ்சியூர், கோர்ட் பக்கத்து வக்கீல் ஆபீஸ். வக்கீல் குமாஸ்தா மலையாளத்தில் படித்துக் காட்டினார். விபத்தில் சேதமான எஞ்சின், என் அறிவோடும் சம்மதத்தோடும் மாற்றப்பட்டது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது சரியில்லை" என்று தொடங்கினார் இவர்.

"இருக்கட்டும்" என்றேன். "அப்படியே இருக்கட்டும் சார்."

"அபகடம் நடந்ந டேட் வேணம், சேச்சி" என்றார் குமாஸ்தா. விபத்து நடந்த தேதி. இவருக்கு ஓணம் என்றுதான் நினைவு, நாள் நினைவில்லை. ஜெனிக்கும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

வெளியே வந்ததும் இவர், "உனக்கு நாள் எப்படித் தெரியும்?" என்றார். மஸ்கட் டைரி இருக்கிறது என்றேன். வரும் வழியில் வண்டியை இவர்தான் ஓட்டினார். என் போனை அணைத்து மடியில் வைத்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

அலமாரி மேல்தட்டு. மஸ்கட் டைரி நாலும் கிடைத்தன. அந்த வருஷத்து ஓணம் வாரத்தைப் புரட்டினேன். நாளைத் தாளில் எழுதி இவரிடம் கொடுத்தாயிற்று. டைரியைக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது: 'நாலாவது தடவைதான் எடுத்தார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பேசும்போதே வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் ஒரு பெண் கத்துகிற சத்தம், என் காதால் கேட்டேன். யார் அவள்? இனி நானாகக் கூப்பிட மாட்டேன்.'

மூன்று நாள் கூப்பிடவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் மகளின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.