மிச்சச் சூடு

அக்டோபர் 17, செவ்வாய்

காலையிலிருந்து சோதனைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை. என் புதுப் பிரதிபலிப்புப் படலம் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்துவிட்டது. மைனஸ் முப்பத்தைந்தில் கிடந்த பிறகும் மடித்தபோது வெடிக்கவில்லை. பழைய பாலிமராக இருந்தால் கையிலேயே நொறுங்கியிருக்கும்.

சந்தோஷப்படலாம். ஏன் படவில்லை?

படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முக்கோணக் குழிகள். கார் விளக்கு பட்டால் வந்த வழியே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது ஒன்றுதான் அதற்கு வேலை. அதை வைத்துத் தைத்த முதல் கோட்டுகள் செப்டம்பரிலிருந்து என் தம்பி ஒஸ்ஸியின் சாலைக் குழுவிடம் இருக்கின்றன. மீதியை வடக்கு முழுக்க உடனே அனுப்ப வேண்டும் என்று முதலாளி இல்ப்போ ஒற்றைக் காலில் நிற்கிறார். "ஐலா, குளிர்கால இருட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

அக்டோபர் 18

தூக்கம் சரியில்லை. காரணமும் இல்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

ஒஸ்ஸியை ஒரு கார் உரசிவிட்டுப் போயிருக்கிறது. நேற்று மாலை. பனி மூடினாலும் சாலை விளிம்பு தெரிய, ஓரமாகக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். காரின் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டது. சிராய்ப்புதான். ஓட்டி வந்த பெண் இறங்கி அழுதாளாம்: "சத்தியமா நீங்க நிக்கறதே தெரியல."

தெரியலையாம். என் கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னவன!

அவன் போனில் சிரிக்கிறான். "விடுக்கா. போனப் பாத்துக்கிட்டே வந்திருப்பா."

எல்லாரும் பழைய கோட்டுக்கு மாறுங்கள், என்னுடையதைக் கழற்றிக் கொண்டு வாருங்கள் என்றேன்.

அக்டோபர் 26

ஒஸ்ஸியின் கோட்டு வந்துவிட்டது. பகலில் புதுக் கருக்கு மாறவில்லை. மஞ்சள் கண்ணைப் பறிக்கிறது. இருட்டறையில் விளக்கடித்தால் - செத்த மீனின் கண். வெளிச்சம் போகிறது, திரும்பி வரவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் குழிகளின் விளிம்பெல்லாம் மழுங்கி வழிந்திருக்கிறது.

சூடு. வேறெதுவும் இப்படிச் செய்யாது.

போனில் குறுக்கு விசாரணை.

"டிரையர்ல போட்டியா?"

"இல்லக்கா."

"இஸ்திரி?"

"குச்சி நடப் போறவன் இஸ்திரி போட்டுக்கிட்டா போவான்?"

"ஹீட்டர் மேல?"

"சூடு படக்கூடாதுன்னு நீதானே படிச்சுப் படிச்சு சொன்ன? சத்தியமா சூடே காட்டல."

ஒஸ்ஸிக்குப் பொய் வராது. சின்ன வயதிலேயே வராது, காது சிவந்து மாட்டிக்கொள்வான். அப்படியென்றால்? என் படலம் தானாகவே உருகுகிறதா?

நவம்பர் 2

புதுப் படலத்தைத் தோய்த்தேன். தேய்த்தேன். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழுவின் கோட்டுகள் எல்லாம் குருடு, ஒன்றைத் தவிர. புதிதாகச் சேர்ந்த காத்ரி என்ற பெண்ணுடையது மட்டும் முதல் நாள் போல ஜொலிக்கிறது. அவள் என்ன செய்தாள்? மற்றவர்கள் செய்யாதது என்ன?

இல்ப்போ: "கோட்டு ஏத்த ரெண்டு வாரத்துல லாரி வருது." அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, சனி

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

சனிக்கிழமை நீராவிக் குளியல், சவுனாவுக்கு ஒஸ்ஸி வீட்டுக்குப் போனேன். முதலில் நான், பிறகு அவன், அப்புறம் காப்பியும் ஏலக்காய் பன்னும். கிளம்பும்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் விட்டது நினைவுக்கு வந்தது. எடுக்கப் போனேன். சவுனாக் கதவு ஒருக்களித்திருந்தது. உட்காரும் மேல்பலகைக்கும் மேலே, கூரையை ஒட்டி, கம்பியில் தொங்குகின்றன: கம்பளிக் காலுறை, கையுறை, வேலைக்குப் போடும் பேன்ட், பழைய கோட்டு. கீழே அடுப்புக் கற்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன.

"ஒஸ்ஸி! என்னடா இது?"

"என்னதுன்னா? துணி காயுது."

"சூடே காட்டலன்னு சத்தியம் பண்ணியே!"

"இது சூடாக்கா? மிச்சச் சூடு! குளிச்சு முடிச்சா வீணாத்தானே போகுது? ஊர்ல எல்லாரும் சவுனாவுலதான் காயப்போடுறாங்க."

காது சிவக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது சூடு இல்லை. அது சனிக்கிழமை.

எனக்கு மட்டும் என்ன? என் கையுறைகளும் அங்கேதான் காய்கின்றன. குளிருக்குப் பயந்து பயந்து அந்தப் படலத்தை மென்மையாக்கினேனே, அதே மென்மைதான் கூரைக்கடியில் வழிந்து போயிருக்கிறது. காத்ரி டவுனில் வாடகை அறையில் இருக்கிறாளாம். சவுனா இல்லாத அறை.

நவம்பர் 13, திங்கள்

அனுப்பாதீர்கள் என்று இல்ப்போவிடம் சொல்லிவிட்டேன்.

"சவுனாவுல காயப்போடாதேன்னு ஒரு சீட்டு தைச்சிடலாமே?"

"நீங்க உங்க பனிச்சறுக்குத் துணிய எங்க காயப்போடுறீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பினார். "லாரிக்காரன்கிட்ட நீயே பேசிக்கோ," என்றார்.

பேசினேன். திட்டினான். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 21

கடினமாக்கினால் குளிரில் வெடிக்கிறது. மென்மையாக்கினால் சூட்டில் வழிகிறது. உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்.

நவம்பர் 22

முடியாது. முடியவே முடியாது போலிருக்கிறது.

டிசம்பர் 1

இரண்டு குணத்தையும் ஒன்றிடமே ஏன் கேட்டுக்கொண்டிருந்தேன்? குழிகள் மட்டும் கடினமாக இருக்கட்டும், சின்னச் சின்னத் தீவுகளாக. இடையில் மென்மையான பாலிமர். மடிவது அதன் பாடு. நேற்று பல் விளக்கும்போது தோன்றியது. வாயில் நுரையோடு வரவேற்பறையில் நின்றிருந்தேன்.

டிசம்பர் 15, வெள்ளி

சோதனை கம்பெனி சவுனாவில். சோதனைக்கூட உலையில் வைத்துப் பார்த்தாயிற்று, ஆனால் உலையில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையே. இல்ப்போ துண்டைக் கட்டிக்கொண்டு மேல்பலகையில் ஏறினார், தலைக்குப் பக்கத்தில் கோட்டு தொங்க. கதவுக்கு வெளியே நான்.

"கல்லு மேல இன்னொரு கரண்டி தண்ணி ஊத்துங்க!"

"நீ கோட்டச் சோதிக்கிறியா, என்னையா?"

பிறகு இருட்டறை. விளக்கடித்தேன். கண் கூசியது. அப்படியே வெளியே பனியில் போட்டு, விறைத்ததும் மடித்தேன். வெடிக்கவில்லை.

இல்ப்போ கை குலுக்கினார். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் சூடு என்ன சூடு? ஒஸ்ஸியிடம் கொடுத்திருக்கிறேன்: ஒவ்வொரு சனியும் காயப்போடு, நான் சொல்லும்வரை போட்டுக்கொள்ளாதே.

ஜனவரி 14

ஒஸ்ஸியின் கோட்டை இருட்டறையில் மறுபடி பார்த்தேன். வெளிச்சம் அப்படியே திரும்பி வருகிறது. நாளையிலிருந்து போட்டுக்கொள் என்றேன்.

ஜனவரி 17, புதன்

மாலை போன். ஒஸ்ஸியின் எண்ணைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய் வந்தது.

"அக்கா, உன்னால இன்னிக்கு வசவு வாங்கினேன்."

"என்னடா ஆச்சு? அடிபட்டுதா?"

"அட இல்ல. ஒருத்தன் தூரத்துலயே காரை மெதுவாக்கி, பக்கத்துல வந்து கண்ணாடிய இறக்கி, 'கண்ண ஏன்யா குத்துற, அதைக் கழட்டு'ன்னு கத்திட்டுப் போறான்!"

போனை வைத்த பிறகு அழுதேன்.

சனிக்கிழமை வரச் சொன்னான். போகிறேன். கையுறை நனைந்து கிடக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.