பூனையின் பல்லில் பாரை முள்

2005 ஜூன் 14, செவ்வாய்

சூட்டி ஒரு வாரமாகச் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பூனைக்கு ஏதோ வருத்தம் என்று பயந்து, இன்று பின்னேரம் மடியில் வைத்து முழுதாகப் பார்த்தேன். கண்ணில் பீளை இல்லை. மூக்கு ஈரமாக இருந்தது. மயிர் மினுங்கியது. விலா எலும்பைத் தடவித் தேட வேண்டியிருந்தது. பட்டினி கிடக்கிற பூனையின் உடம்பா இது?

வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு முள் இருந்தது. இழுத்து எடுத்தால் பாரை முள், கடல்மீன். கல்குடாவில் மீன் வெட்டி வளர்ந்தவள் நான். வாவி மீன் முள்ளும் கடல்மீன் முள்ளும் எனக்கு மாறிப்போகாது.

கடல் எங்கள் மகளைக் கொண்டுபோன நாளிலிருந்து இந்த வீட்டில் கடல்மீன் இல்லை. அவளுடைய படத்துக்கு முன்னால் நானும் அவரும் சேர்ந்துதான் சத்தியம் செய்தோம்.

முள்ளை அவர் முன்னால் வைத்தேன்.

"சூட்டிக்கு ஆரு கடல்மீன் குடுத்தது?"

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காட வீட்ட நான் சாப்பிடக்குள்ள பின்னால வந்து நிண்டுது."

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்துகா. உனக்குச் சொல்லப் பயமா இருந்திச்சு."

அடுத்த வளவில் இருக்கிற அவருடைய அக்காவுக்குத் தெரியும். பூனைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

சூட்டிக்கு ஒரு குறையும் இல்லை. சித்திரைக்குப் பிறகு அவருக்கும் கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. மனுசன் தேறி வருகிறார் என்று கொக்கட்டிச்சோலைக் கோயில் வரைக்கும் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவள் நான்.