ரோஜா சொன்ன ‘நீர்’

பங்காருபாளையம்,
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஹரிபாபுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் நைனாவும் தாத்தாவும் சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் அகிலாவும் குழந்தை ரோஜாவும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்லுவாய், காகிதத்திடம் அது நடக்காது. நம் தெரு சுரேஷ்பாபு லீவு முடிந்து அங்கே வருகிறான், அவனிடம் இதையும் ஆவக்காய் ஊறுகாயையும் கொடுத்திருக்கிறேன்.

உன் புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, உன் நைனா தினமும் அங்கே போய் நின்று வேலைக்காரர்களைப் படுத்தி எடுக்கிறார். டிசம்பரில் நீங்கள் வந்ததும் பிரதிஷ்டை ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார், ஆனால் தாத்தா மட்டும் வரமாட்டேன் என்றார். மனை என்னுது, வாசல் அவனுது, நான் எதுக்கு என்று சொல்லிவிட்டு மாந்தோப்புக்குப் போய்விட்டார். காரணம் உனக்கே தெரியும். போன லீவு முடிந்து கிளம்பும்போது எல்லோரும் அவர் காலில் விழுந்தார்கள், நீ மட்டும் விறைப்பாக நின்று ஸ்தோத்திரம் தாத்தா என்றாய். சபையில் சொல்லும் வணக்கத்தை அவரிடம் சொல்ல, அவர் என்ன நம் சபை மூப்பரா? ஆசீர்வாதம் பண்ணத் தூக்கிய கையை அவர் துண்டில் துடைத்துக்கொண்டதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மனிதர் காலில் விழக்கூடாது என்பது உன் விசுவாசம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பெரியவர்களைக் கனம்பண்ணச் சொன்ன கட்டளையில், அவர்கள் நம் சபையாராய் இருந்தால் மட்டும் என்று எங்காவது சேர்த்திருக்கிறதா? நானும் நைனாவும் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை, இன்றைக்கும் நாங்கள் சாயங்காலம் ஜெபிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். விழாவிட்டால் அவரை வேறு எப்படி மதிப்பது என்று நீ கொஞ்சமும் யோசிக்கவில்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

போன வாரம் நடந்ததைக் கேள். நீ டூட்டிக்குப் போயிருந்தாய், அகிலா வீடியோ கால் போட்டாள். ரோஜா நம் ஊர்ப் பேச்சிலேயே, தாத்தா நீ துன்னியா என்று கேட்டது. பெரியவங்களை அப்படிக் கேட்கக்கூடாது, மரியாதையாகக் கேள் என்று அகிலா அதட்டினாள். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த மரியாதைத் தமிழ் ஜெபத் தமிழ்தானே. கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு, தாத்தா நீர் சாப்பிட்டீரா, நீர் எங்கள் வீட்டுக்கு வாரும் என்றது. நானும் அகிலாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு என்னிடம், உங்க சாமியத்தானே ம்மா நீங்க நீருன்னு கூப்புடுவீங்க என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். அப்புறம் சொன்னார், அடுத்தவன் மாட்ட மேய்ச்சிக்கினு இருந்த நாள்லேர்ந்து இந்த ஊர்ல என்னை டேய்னுதான் கூப்ட்டாங்க, மனை வாங்கின அப்புறமும் அப்படித்தான், இந்தப் புள்ள என்னைப் போயி நீருன்னுதே என்று.

இப்போது பிரதிஷ்டைக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் என் கால்ல வுழ வேணாம், புள்ளைய இட்டுக்கினு வரட்டும் என்கிறார். தப்பித்தோம் என்று நினைத்துவிடாதே. குழந்தை சம்பாதித்துக் கொடுத்ததை நீ கெடுக்காதே. வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு முதலில் அவர் பக்கத்தில் போய் உட்கார். பிரதிஷ்டை அன்று சாவியை அவர் கையில் கொடு, அவர் கதவைத் திறக்கட்டும், பிறகு பாஸ்டர் ஜெபிக்கட்டும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அகிலாவிடம் மறக்காமல் சொல், இங்கே வந்து சேரும்வரை குழந்தையின் தமிழை யாரும் திருத்த வேண்டாம். தாத்தா காத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
தேன்மொழி